தகவலுக்கு மட்டும்

10 மார்ச் 2025, திங்கள்

காலாண்டு அறிக்கை வேலை இன்றைக்கு ஆரம்பம். ஏப்ரல் எட்டாம் தேதி சென்னையில் போர்டு கூட்டம். பதினோரு வருஷமாக இந்த இறால் கம்பெனியில் எனக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று பெயர். உண்மையில் நான் பார்ப்பது எழுத்து வேலை. மணமேல்குடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவே ரோட்டோரம் இருக்கிற இந்தத் தொழிற்சாலையில் மூன்று மாதமாக என்ன நடந்தது என்பதை, இங்கே வந்தே பார்க்காத ஏழு பேருக்கு ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும்.

போன கூட்டத்தில் எம்.டி. கேட்டாராம்: “யாரு அந்த அமலராணி? படிச்சு முடிச்சா ஒரு கேள்வி மிச்சமில்ல.” மேனேஜர் திருப்பதி சார் இதை நாலு பேர் முன்னால் வைத்துச் சொன்னார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு அற்பப் பிறவி நான்.

எங்கள் வழக்கம் இதுதான். பக்கத்தின் மேல் பாதிக்கு ‘முடிவுக்கு’ என்று தலைப்பு. அதில் இருப்பதைப் போர்டு பேசியே ஆக வேண்டும். கீழ்ப் பாதிக்கு ‘தகவலுக்கு’ என்று தலைப்பு. அதை யாரும் பேச மாட்டார்கள், பார்த்ததாகக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். எதை மேலே வைக்கிறோம், எதைக் கீழே வைக்கிறோம் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று புதுசாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

14 மார்ச், வெள்ளி

நாகராசு வந்தார். கம்ப்ரசர் ரூம் ஆபரேட்டர். இறாலை உறைய வைக்கிற அமோனியா முழுக்க அவர் கைக்குள்தான் இருக்கிறது. உள்ளே வந்து உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேடம், நாலாம் நம்பர் வால்வு சரியில்லீங்க. வாராவாரம் மெஷின் ஆயில் எறக்குறோம்ல, அது. தொறந்தா மூட மாட்டேங்குது. போன வாரம் ஸ்பேனரைப் போட்டு நெம்பித்தான் மூடுனேன். பாதியில நின்னுக்கிச்சுன்னா ஆயிலுக்குப் பின்னாடி கேஸ்தான் வரும்.”

மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். லைனைக் காலி பண்ண வேண்டும், அந்த இடத்துப் பழைய பைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், நாலு நாள் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மாத்துற வரைக்கும் நான் ஆயில் எறக்க மாட்டேங்க. கோவிச்சுக்காதீங்க.”

சத்தம் போட்டுப் பேசாத மனிதர் இவ்வளவு சொல்கிறாரே என்று நானே போய்ப் பார்த்தேன். பக்கத்தில் நின்றாலே கண் கரித்தது. பிடியைத் திருகிப் பார்த்தேன். என் பலத்துக்கு அசையவே இல்லை.

19 மார்ச், புதன்

எழுதிவிட்டேன். ‘முடிவுக்கு’ தலைப்பின் கீழ் முதல் வரியாக: “எண்ணெய் இறக்கும் வால்வு எண் 4 பழுது. ஏப்ரல் 21 முதல் நான்கு நாள் ஓட்டத்தை நிறுத்த அனுமதி வேண்டும். தவறினால் வாயு கசிந்து உயிர்ச்சேதம் நேரலாம்.” அறிக்கை ஆங்கிலத்தில்தான்; இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

மத்தியானம் திருப்பதி சார் கூப்பிட்டார். மேசை மேல் என் தாள் கிடந்தது, ‘உயிர்ச்சேதம்’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டு.

“ஏப்ரல் பதினஞ்சாந்தேதி மீன்பிடித் தடை வந்துரும், கடல் சரக்கு வராது. சரி. ஆனா பண்ணை இறால் அப்பத்தான மேடம் அறுவடைக்கு வருது? நாலு நாள் நிறுத்துனா பண்ணைக்காரங்க வேற கம்பெனிக்குப் போயிருவாங்க. இந்த ஒரு சொல்லுக்கு என்னையச் சென்னைக்கு வரச் சொல்லி நிக்க வச்சுருவாங்க.”

“அப்ப எழுத வேணாங்கிறீங்களா சார்?”

“சேச்சே. நான் மறைக்கச் சொல்லலையே. எடத்தை மாத்துங்கன்னுதான சொல்றேன். தகவலுக்குப் போடுங்க. ஆகஸ்ட்ல நானே நிறுத்தித் தாரேன்.”

கெட்ட மனிதர் இல்லை அவர். நான் லீவு கேட்டு ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

20 மார்ச், வியாழன்

மாற்றிவிட்டேன். ‘தகவலுக்கு’, ஆறாவது வரி: “வால்வு எண் 4 இயக்கத்தில் சற்றுக் கடினம், கண்காணிப்பில் உள்ளது.”

யார் கண்காணிப்பில்? அதை எழுதவில்லை. எழுதினால் யாராவது கேட்பார்கள்.

ஜூலையில் எனக்குத் துணை மேலாளர் பதவி என்று சார் சொல்லியிருக்கிறார். அதற்காக மாற்றவில்லை. — அதற்காகவும்தான். நாட்குறிப்பிலுமா பொய் சொல்வேன்?

24 மார்ச், திங்கள்

நாகராசு வாசலில் நின்றார். “மேல சொல்லியாச்சுங்களா மேடம்?”

“சொல்லியாச்சு நாகராசு. போர்டுக்கே போயிருச்சு.” பொய் இல்லை. தாளைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. என் விரல் இருந்த இடத்தில் 4 என்ற எண்ணைக் கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தார். “நம்ம நாலு இருக்குங்க” என்றார்.

சாயங்காலம் கம்ப்ரசர் ரூம் பக்கம் போனபோது ஆயில் இறக்கிக்கொண்டிருந்தார். மாட்டேன் என்றவர்தானே? நான் ஒன்றும் கேட்கவில்லை. போர்டு வரைக்கும் போய்விட்டது, இனி மாற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இறக்குகிறார். எனக்குத் தெரியும்.

8 ஏப்ரல், செவ்வாய்

கூட்டம் முடிந்தது. எங்கள் அறிக்கைக்கு ஒன்பது நிமிஷம். கேள்வி இல்லை. திருப்பதி சார் ஆபீஸ் முழுக்கப் பால்கோவா கொடுத்தார்.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

ஆவூர் மாதா கோயிலுக்குப் போயிருந்தோம், நானும் மகள் ஃபெமினாவும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. மாமியாரிடம் சுள்ளென்று விழுந்ததைச் சொன்னேன். ஞாயிறு பூசை இரண்டு தவறியதைச் சொன்னேன். மகளைக் கன்னத்தில் அறைந்ததைக்கூடச் சொன்னேன். வால்வு ஞாபகத்துக்கே வரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வந்தது. அது அலுவலக விஷயம் என்று எனக்குள் யாரோ ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டிருக்கிறார்கள்.

6 மே, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லி, ஆறு யூனிட்டுக்கும் சேர்த்து வீடியோவில் வகுப்பு எடுத்தேன். தலைப்பு: போர்டுக்கு அறிக்கை எழுதுவது எப்படி. ஒரு மணி நேரம். முதல் வரியிலேயே நிலைமையைச் சொல்லுங்கள், பயமுறுத்தாதீர்கள், படிப்பவரின் நேரம் உங்கள் நேரத்தைவிடப் பெரியது. ஒரு பையன், ஜெஸ்வினாம், தூத்துக்குடி யூனிட், கடைசியில் கேட்டான்: “மேடம், அவங்க பயந்தே ஆக வேண்டிய விஷயமா இருந்தா?”

“அப்பவும் அமைதியாச் சொல்லலாம்” என்றேன். எல்லோரும் கைதட்டும் பொம்மையைப் போட்டார்கள்.

20 மே, செவ்வாய்

என்னத்தை எழுத.

பத்தே முக்காலுக்கு. நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முதலில் நெடி. அப்புறம் இறால் உரிக்கிற ஹாலிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள், ஏப்ரனோடு, கையுறையோடு, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து. அவர்களில் மூக்காயி, கூட வேலை செய்யும் இரண்டு சின்னப் பெண்களைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டுவிட்டு மறுபடியும் உள்ளே போனாள். கம்ப்ரசர் ரூம் கதவு தெரியவில்லை. வெள்ளையாகத்தான் இருந்தது.

நாகராசு கடைசியில் வந்தார். நடந்து இல்லை. முழங்காலில். கேஸ் வருகிற மெயின் டேங்க் வால்வை மூடிவிட்டு வந்திருக்கிறார். நாலாம் நம்பர் நின்றுகொண்ட உடனே ஓடி வந்திருக்கலாம். கதவு நாலு எட்டுதான். டேங்க் வால்வு அந்தக் கோடியில். அங்கிட்டுப் போயிருக்கிறார். ஹாலில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

கண்ணைத் திறக்க முடியவில்லை அவருக்கு. தண்ணீர் ஊற்ற ஊற்ற என்னைத்தான் கேட்டார், “எல்லாரும் வெளிய வந்துட்டாகளா மேடம்?”

22 மே, வியாழன்

நாகராசு புதுக்கோட்டையில், ஐ.சி.யு.வில். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த உரிக்கும் பெண்கள் பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். கப்பல் பட்டறையில் இருபது வருஷமாக வெல்டிங் வேலை அவருக்கு. எல்லாவற்றையும் சொன்னேன், ஆறாவது வரியைத் தவிர. “இங்க இப்படி ஒரு வால்வு இருந்தா வேலையை நிறுத்திட்டு வெளிய வந்துருவோம் ராணி. ஆபீசர் எழுதிக் குடுத்தாத்தான் உள்ள போவோம். ஒங்க ஆளு ஏன் போனாரு?”

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

23 மே, வெள்ளி

காலை ஆறு இருபதுக்கு நாகராசு போய்விட்டார்.

26 மே, திங்கள்

வியாழக்கிழமை அவசரக் கூட்டமாம். திருப்பதி சார் என் அறைக்கே வந்தார். முகம் சுண்டியிருந்தது, மூன்று நாளாகச் சவரம் இல்லை.

“ஒரு பக்கம் போதும் மேடம். அவர் முகமூடி மாட்டாம வேலை செஞ்சார். அது உண்மைதான? பொய் எழுதச் சொல்லல.”

உண்மைதான். ஆயில் இறக்கும்போது யாரும் மாட்டுவதில்லை. வேர்வையில் கண்ணாடி மங்கிவிடும், வால்வு தெரியாது. இது சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மூன்று ஷிஃப்டுக்கும் தெரியும்.

“ஏப்ரல்ல நம்ம போட்ட வரி சார்?”

“அது இருக்கட்டும். கண்காணிப்புலதான இருந்துச்சு.”

27 மே, செவ்வாய்

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நூற்றுத் தொண்ணூறு சொல். “பணியாளர் பாதுகாப்பு முகமூடி அணியாமல் பணியில் ஈடுபட்டிருந்தார்” என்பது முதல் வரி. மார்ச் பதினான்காம் தேதி அவர் வந்து சொன்னது இல்லை. இறக்க மாட்டேன் என்றது இல்லை. டேங்க் வால்வை அவர்தான் மூடினார் என்பதுகூட இல்லை. அதைச் சேர்த்தால் ஏன், எப்படி என்று வரிசையாகக் கேட்பார்கள் என்று நானே எடுத்துவிட்டேன். அதை எடுக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சீ.

7 ஜூன், சனி

வல்லத்திராக்கோட்டையில், அவர் சொந்த ஊரில், பதினாறாம் நாள் காரியம். கம்பெனி வேன் போனது. தலைவலி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தலை வலிக்கவே இல்லை.

19 ஜூன், வியாழன்

நாலாம் நம்பர் வால்வை மாற்றிவிட்டார்கள். திருச்சியிலிருந்து ஆட்கள் வந்து பைப்போடு சேர்த்து மாற்றினார்கள். நாலு நாள் என்று பயந்தோம். ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது.

கம்பெனி செக்ரட்டரி சென்னையிலிருந்து போன் பண்ணினார். வக்கீல்கள் பழைய அறிக்கைகளைப் பார்த்தார்களாம். “உங்க ஏப்ரல் வரி ரொம்ப உதவியா இருக்கு அமலராணி. போர்டுக்குத் தகவல் தந்திருக்கீங்க, ஆபத்துன்னு சொல்லல, யூனிட் கண்காணிப்புன்னு இருக்கு. போர்டு மேல ஒண்ணும் நிக்காது.” நன்றி என்றார். நானும் நன்றி என்றேன். பழக்கம்.

11 ஜூலை, வெள்ளி

பதவி உயர்வுக் கடிதம் வந்தது. மேசை டிராயரில் கிடக்கிறது. ஃபெமினாவிடம்கூடச் சொல்லவில்லை.

2 ஆகஸ்ட், சனி

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

காலையில் காலிங் பெல். ரஞ்சிதா. நாகராசுவின் மனைவி. மகன் எட்டாவது படிக்கிறான் என்பதால் இன்னும் மணமேல்குடி வாடகை வீட்டிலேயே இருக்கிறார். வியர்வையில் நெற்றி நனைந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே வெள்ளைத் தாள்.

“மேடம், கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு வாங்குறாகள்ல. அதுக்கு எழுதிக் குடுக்கணும். நீங்க நல்லா எழுதுவீகன்னு அவுக எப்பவும் சொல்லுவாக. அதான் வந்தேன்.”

உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

“கேஸ் வந்ததுக்கு அவுகதான் காரணம்னு கம்பெனி எழுதியிருக்காம். முகமூடி போடலையாம். பேப்பர்லயும் வந்துருச்சு. பள்ளிக்கூடத்துல எம்புள்ளையப் பார்த்து, ஒங்க அப்பாவாலதான் எங்க அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு ஒரு பய சொல்லியிருக்கான். மூணு நாளா அவன் பள்ளிக்கூடம் போகல. எனக்கு வேற எதுவும் வேணாம் மேடம். அவுக தப்பு இல்லன்னு ஒரு கடுதாசி. அரசாங்கம் எழுதுனதா இருக்கணும்.” அப்புறம் கேட்டார், “அந்தப் பொய்யை எழுதுனது யாரு மேடம்? ஒங்களுக்குத் தெரியுங்களா?”

தெரியும் என்றேன். எழுதிவிட்டு வாசித்துக் காட்டுகிறேன், அதில் இருக்கும் என்றேன்.

தமிழில் இப்படி எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று. எழுத்து கோணிக்கொண்டே போனது. முக்கால் மணி நேரம் எழுதினேன். ரஞ்சிதா சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசித்தேன். மார்ச் பதினான்காம் தேதி நாகராசு சொன்னது. நான் மேலே எழுதியது, கீழே மாற்றியது. அவரிடம் தாளைக் காட்டியது. முகமூடி என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டது பாதுகாப்பு அதிகாரி அமலராணி. என் குரலில் என் பெயரை வாசிக்கும்போது அது வேறு யாருடையதோ போல இருந்தது. ஓடிப் போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

ரஞ்சிதா பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்து நீவினார்.

“மேல எழுதிட்டாக, நம்ம நாலு அதுல இருக்குன்னு அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாக” என்றார். “முட்டை வாங்கிட்டு வந்தாக.”

அழுதேன். எனக்கு அழ உரிமை இல்லை என்று தெரிந்தும் அழுதேன். அவர் அழவில்லை.

“மறுபடியும் வாசிங்க.”

வாசித்தேன்.

“எறக்க மாட்டேன்னு அவுக சொன்னதை நடுவுல போட்டிருக்கீங்க. அதை மொதல்ல போடுங்க. முகமூடியை யாரும் மாட்டுறதில்லன்னு எழுதுங்க. அந்தக் கோடி வால்வை மூடப் போனாகள்ல, அத எழுதவே இல்லையே?”

எழுதவே இல்லை. இன்றைக்கும் விட்டிருக்கிறேன். பதினோரு வருஷமாக விட்டு விட்டு எழுதி, இப்போது வேண்டுமென்று விடாதபோதும் விட்டுப்போகிறது.

திரும்ப எழுதினேன். மூன்றாவது பிரதிதான் சரியாக வந்தது. ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையை அசைத்தபிறகே அடுத்த வரிக்குப் போனேன். அடியில் அவர் கையெழுத்துப் போட்டார், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“நீங்களும் போடுங்க.”

போட்டேன். காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

வீட்டுக்காரரிடம் போனில் ஆறாவது வரியையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். “வேலை போயிரும். ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம், தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன். “ஃபெமினாகிட்ட நீயே சொல்லிரு. அடுத்தவன் சொல்லித் தெரிய வேணாம்.” சொன்னேன். அவள் அறைக்குள் போனவள் சாப்பிட வரவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டோம். கலெக்டர் ஆபீசில் கூட்டமான கூட்டம். பதிவு பண்ணி எண் வாங்கி, வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம். மனுவை வாங்கிய அதிகாரி அம்மா முதல் பத்தியை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல அமலராணிங்கிறது யாரு?”

“நான்தாங்க.”

“உங்க மேலயே நீங்க எழுதியிருக்கீங்களா?”

“ஆமாங்க.”

அவர் ரஞ்சிதாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். தொழிற்சாலை ஆய்வாளருக்கும் போலீசுக்கும் அனுப்புவதாகச் சொல்லி முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார். ரஞ்சிதா அதை வாங்கி நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். வெளியே வந்ததும் திருப்பதி சாருக்கு என் ராஜினாமாவை அனுப்பினேன். “அவசரப்பட்டுட்டீங்க மேடம்” என்று ஒரே வரி பதில் வந்தது.

அறந்தாங்கியில் பஸ் மாறினோம். இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று காலியாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். ரஞ்சிதா பார்த்தார். மணமேல்குடி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார்.